கேளாமல் தீர்ப்பது அறமாகுமோ?

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலைப் பொழுது. கூரத்தில் நம் இல்லத்திற்கு, நெடுநாள் பழக்கமுடைய ஒரு குடும்பத்தார் வந்திருந்தனர். பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொள்ளும் வழக்கமுடையவர்கள் அவர்கள். அன்று உண்ணாமலேயே புறப்பட்டு வந்திருக்கின்றனர் என்பதை அவர்தம் முகமே கூறிற்று. பொறியியற் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பயிலும் மகனையும் உடன் அழைத்து வந்திருந்தனர்.

செய்தி இதுதான். பருவத் தேர்வின்போது அம்மாணவனின் சட்டைப்பையில் கைப்பேசி இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. மறுநாள் அவனை அழைத்து, முன்னரே எழுதி வைக்கப்பட்ட மன்னிப்புக் கடிதம் ஒன்றை நீட்டியுள்ளனர். கைப்பேசியைப் பார்த்து விடை எழுதியதாகவும், அக்குற்றத்தை ஒப்புக்கொள்வதாகவும் அதில் கண்டிருந்தது. கையெழுத்திட இரண்டு நாள் தவணை.

"செல்வாக்கு உள்ளவர் யாரையாவது பிடித்தால் காரியம் முடிந்துவிடும்" என்றார் தந்தை. தாயோ, "டீச்சரம்மா, கையெழுத்துப் போட்டுவிட்டால் இத்தோடு விட்டுவிடுவார்களாம். போட்டுவிடச் சொல்லட்டுமா?" என்று கண் கலங்கினார். இருவரும் பேசிக்கொண்டிருந்த அரைமணி நேரமும் மகன் வாய் திறக்கவில்லை. அவனை எவரும் எதுவும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் நமக்குப் புலப்பட்டது.

"தம்பி, நீ உண்மையில் என்ன செய்தாய்?" என்று கேட்டோம்.

"கைப்பேசி பையில் இருந்தது உண்மை, பாட்டி. அணைத்துத்தான் வைத்திருந்தேன். வெளியே வைத்துவிட்டு வர மறந்துவிட்டேன். ஆனால் அதைப் பார்த்து எழுதவில்லை."

அவன் கூற்று மெய்யா, பொய்யா என்பதை அன்று நாம் அறியோம். இன்றும் முற்றாக அறியோம். ஆயினும் ஒன்று தெளிவு. அக்கேள்வியைக் கல்லூரியும் கேட்கவில்லை, பெற்றோரும் கேட்கவில்லை. குற்றம் சாட்டப்பட்ட ஒருவனை "நீ என்ன செய்தாய்?" என்று கேட்பது அவன் குற்றத்திற்குத் துணை போவதாகுமோ? அன்றித் தீர்ப்புச் சொல்வோர் தம்மேல் ஏற்றிக்கொண்ட கடமையோ? இவ்வினாவை நம் வாசகப் பெருமக்களோடு சிறிது சிந்திக்க விரும்புகின்றோம்.

நாம் செய்த பிழை

பிறர் குறையைப் பேசுமுன் நம் குறையைக் கூறிவிடுதல் முறை. ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்று ஆறாண்டுகள் கழிந்த நிலையில், 1976ஆம் ஆண்டு எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் ஓர் ஊரில் அறைக் கண்காணிப்பாளராக அமர்த்தப்பட்டோம். இளமை, கண்டிப்பு என்பதே நேர்மை என்று எண்ணியிருந்த பருவம். கணிதத் தேர்வன்று சன்னலோரம் அமர்ந்திருந்த ஒரு சிறுமியின் காலடியில், மாணவர் வழக்கில் 'பிட்' எனப்படும் துண்டுச்சீட்டு ஒன்றைக் கண்டோம். விடைத்தாளைப் பறித்தோம், மூன்று வரியில் அறிக்கை எழுதினோம், முதன்மைக் கண்காணிப்பாளரிடம் ஒப்படைத்தோம். அச்சிறுமி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "பேசாதே" என்றோம்.

அவளுடைய தேர்வு செல்லாததாயிற்று. அடுத்த தேர்வு எழுதவும் தடை வந்தது. சில மாதங்கள் சென்றபின், அதே அறையில் தேர்வெழுதிய மற்றொரு பெண் நம்மிடம் வந்து, அச்சீட்டு வெளியிலிருந்து வேறொருவருக்காகச் சன்னல் வழியே எறியப்பட்டது என்று கூறினாள். சீட்டின் கையெழுத்தை அச்சிறுமியின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் அன்றே விளங்கியிருக்கும். அதற்கு இரண்டு நிமிடம் போதும். நாம் ஒப்பிடவில்லை. மேலிருந்தோர், ஆசிரியை எழுதியது பொய்யாகாது என்று எண்ணி நம் மூன்று வரியையே சான்றாகக் கொண்டனர். அவளைத் தேடிச் சென்றபோது, படிப்பை நிறுத்தி வெளியூரில் மணம் முடித்துக் கொடுத்துவிட்டனர் என்ற செய்தியே கிடைத்தது.

நாம் பொய் எழுதவில்லை. காலடியில் சீட்டுக் கிடந்தது மெய். ஆனால் "கிடந்தது" என்பதை "வைத்திருந்தாள்" என்று எழுதினோம். இரண்டு சொற்களுக்கிடையே ஓர் உயிரின் வாழ்வு கிடந்தது. கொல்லாமை பேசும் குடியிற் பிறந்து, ஒரு சொல்லால் நேரும் இம்சையை நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

நீதிமன்றம் கூறிய நெறி

இத்தகைய நிகழ்ச்சி நம்மோடு தொடங்கியதுமன்று, நம்மோடு முடிந்ததுமன்று. உத்தரப் பிரதேசத்தில் 1954ஆம் ஆண்டு இடைநிலைத் தேர்வெழுதிய மூன்று மாணவர்கள் தேறியதாக ஜூன் திங்களில் முடிவு வெளியாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில், அத்தேர்வு முடிவு நீக்கப்பட்டதென்றும், 1955ஆம் ஆண்டுத் தேர்வெழுதவும் தடை விதிக்கப்பட்டதென்றும் அவர்தம் வீட்டாருக்குத் தெரிவிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அம்மூவரையும் அழைத்து ஒரு சொல்லும் கேட்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மாணவனின் எதிர்காலத்தைப் பாதிக்கும் முடிவை எடுக்கும் தேர்வுக் குழு, நீதி வழங்கும் மன்றம் போன்றே நடந்துகொள்ளக் கடமைப்பட்டது. குற்றச்சாட்டைத் தெரிவித்து மறுமொழி கூற வாய்ப்பளித்தல் வேண்டும். விதிகளில் அவ்வாறு எழுதப்படாவிடினும் அக்கடமை உண்டு என்று 1962இல் தீர்ப்பாயிற்று. நாம் அறைக் கண்காணிப்பாளராக அமர்ந்தது அதற்குப் பதினான்கு ஆண்டுகள் பின்னர். ஆசிரியப் பயிற்சியில் கரும்பலகையில் எழுதும் முறை முதல் குழந்தை உளநூல் வரை கற்பித்தனர். இதனை எவரும் கற்பிக்கவில்லை.

கடல் கடந்த நாடுகளிலும் இவ்வினா பழமையானதே. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1718இல் ரிச்சர்டு பென்ட்லி என்னும் பேரறிஞரின் பட்டங்களைப் பறித்தது. அவர் பல்கலைக்கழக மன்றத்தை இகழ்ந்து பேசினார் என்பது காரணம். பேசியிருக்கவுங் கூடும், பணிவுக்குப் பெயர்போனவர் அல்லர். ஆயினும் அவரைக் கேளாமல் பறித்தது முறையன்று என்று 1723ஆம் ஆண்டு வழக்கில் அரச மன்றம் கூறிப் பட்டங்களைத் திரும்ப வழங்க ஆணையிட்டது. அவர்கள் வேதத்தின்படி, ஆதி மனிதன் விலக்கப்பட்ட கனியை உண்டதை அறிந்திருந்த இறைவனும், அவனை அழைத்து வினவிய பின்னரே தண்டித்தான் என்று ஒரு நீதிபதி எடுத்துக்காட்டினார். அமெரிக்க நாட்டில் அலபாமா மாநிலக் கல்லூரியில், நிறவேற்றுமையை எதிர்த்து 1960இல் ஓர் உணவுக்கூடத்தில் அமர்ந்த கறுப்பின மாணவர் ஒன்பதின்மர், குற்றம் இன்னதென்றும் அறிவிக்கப்படாமல் நீக்கப்பட்டனர். அரசினர் கல்லூரி மாணவரை நீக்குமுன் குற்றத்தை அறிவித்துக் கேட்டல் வேண்டும் என்று 1961இல் அந்நாட்டு மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது.

இவற்றையெல்லாம் நாம் அயலாரிடம் கற்க வேண்டுவதில்லை. சிலப்பதிகாரம் நம் கையில் உள்ளது. பாண்டியன் கொடுங்கோலன் அல்லன். ஒரு கணம் அவசரப்பட்டவன். பொற்கொல்லன் சொல்லைக் கேட்டான். கோவலன் சொல்லைக் கேட்டிலன். கையிற் சிலம்பு இருந்தது மெய். அது எவர் சிலம்பு என்ற வினா எழுப்பப்படவே இல்லை. சிலம்பை உடைத்துப் பரலைக் கண்டபோது நேரம் கடந்துவிட்டது. அச்செய்தி கேட்டு உண்ணா நோன்பேற்று உயிர் துறந்த கவுந்தியடிகளை நம் இல்லத்துப் பெண்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். சட்டைப்பையிற் கைப்பேசி, காலடியிற் சீட்டு, கையிற் சிலம்பு: மூன்றும் ஒரே பாடத்தையே கூறுகின்றன.

மறுபக்கத்து நியாயம்

இவ்வளவில் நிறுத்திவிட்டால் நாம் ஒருபக்கம் சாய்ந்தவர்களாவோம். குற்றம் சாட்டப்பட்டவன் மட்டுமே கேட்கப்பட வேண்டியவன் அல்லன். துன்புற்றோரும் கேட்கப்பட வேண்டியவர். பெரும்பாலும் அவர்கள்தாம் முதலில் வாயடைக்கப்படுகின்றனர்.

1972ஆம் ஆண்டு ஜூன் திங்கள் ஓரிரவில் ராஞ்சி நகரத்து மருத்துவக் கல்லூரி மாணவியர் விடுதி வளாகத்துள் மாணவர் சிலர் புகுந்து தகாத முறையில் நடந்துகொண்டனர். மாணவியர் முப்பத்தறுவர் கல்லூரி முதல்வரிடம் முறையிட்டனர். விசாரணைக் குழு அமைந்தது. அம்மாணவியரைக் குற்றம் சாட்டப்பட்டோர் முன்னிலையில் நிறுத்தி வினவினால் என்னாகும்? கல்லூரிச் சாலையில் மறுநாள் நடக்கவும் அவர்களால் இயலாது. ஆதலின் குழுவினர் மாணவியரைத் தனியே விசாரித்தனர். குற்றம் சாட்டப்பட்டோரின் நிழற்படங்களை வேறு இருபது படங்களோடு கலந்து காட்டி அடையாளம் கேட்டனர். பின்னர் மாணவர்களை அழைத்து, முறையீட்டாளர் பெயரை மறைத்து, முறையீட்டின் செய்தியைத் தெரிவித்து மறுமொழி பெற்றனர். கல்லூரியிலிருந்து இரு கல்வியாண்டுகள் நீக்கப்பட்ட மாணவர்கள், தம் முன்னிலையில் சாட்சியம் பெறப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் சென்றனர். 1973இல் அம்மன்றம் அவர்தம் மேல்முறையீட்டைத் தள்ளிற்று. கேட்டல் என்னும் நெறி எங்கும் ஒரே அச்சில் வார்த்ததன்று. இடமும் சூழலும் நோக்கி அமைவது என்பது தீர்ப்பின் சாரம்.

இங்கே ஆழ்ந்து நோக்க வேண்டியது, அக்குழுவினர் எடுத்துக்கொண்ட உழைப்பே. மாணவியர் சொல்லை அப்படியே ஏற்றுத் தண்டிக்கவுமில்லை. மாணவரின் உரிமை என்று கூறி மாணவியரை அவர்கள் முன் நிறுத்தவுமில்லை. இருபது படங்களைக் கலந்தது சிறு செயலாகத் தோன்றலாம். தவறான ஒருவனைச் சுட்டிவிடக் கூடாது என்ற அச்சம் அச்செயலில் உள்ளது. அறம் என்பது பல நேரங்களில் இத்தகைய சிறு உழைப்புகளிலேயே வாழ்கின்றது.

கூட்டமாக நடந்த முறைகேட்டில் ஒவ்வொருவரையும் கேட்க வேண்டுமோ என்ற வினாவும் எழுந்ததுண்டு. பீகார் மாநிலத்தில் 1969ஆம் ஆண்டுப் பள்ளித் தேர்வில் ஒரு மையத்தில் பெருமளவில் பார்த்தெழுதல் நடந்ததாகக் கருதி, அம்மையத்துத் தேர்வையே வாரியம் நீக்கிற்று. அது தனியொருவர்மீது பழி சுமத்துவதன்று, தேர்வையே செல்லாததாக்குவது. ஆதலின் ஒவ்வொருவரையும் அழைத்து வினவ வேண்டுவதில்லை என்று 1970இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. பெயர் சுட்டிப் பழி கூறும்போதுதான் கேட்கும் கடமை முழுமையாக வந்து சேர்கின்றது.

நம் தமிழகத்திலும் மறக்கவியலாத துயரம் ஒன்று உண்டு. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் ஒருவர் ராகிங் கொடுமையில் உயிரிழந்தார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக அப்போது இருந்தவரின் மகன் அவர். துணைவேந்தர் மகனுக்கே இக்கதி எனில் எளியோர் பிள்ளைகள் எவ்வளவு மறைத்திருப்பர் என்று நாடு நடுங்கிற்று. 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. முறையீடு வந்தவுடன் நிறுவனத் தலைவர் விசாரித்தல் வேண்டும். முதல்நோக்கில் உண்மையெனத் தோன்றின் மாணவரை இடைநீக்கம் செய்தல் வேண்டும். குற்றம் மெய்ப்பட்டால் இரண்டாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டமும் உண்டு. கல்லூரியின் நற்பெயர் கெடும் என்று முறையீட்டை அமுக்குவோர், கேளாமல் தண்டிப்பவரினும் குறைந்த பிழை செய்தவர் அல்லர். இருவரும் கேட்க மறுத்தவர்களே.

மேல்முறையீடு எதற்கு?

"விசாரித்து முடிவு சொல்லியாயிற்று, மீண்டும் எதற்கு முறையீடு?" என்று கேட்போர் உளர். மேற்சொன்ன வழக்கையே நோக்குக. 1998இல் அமர்வு நீதிமன்றம் குற்றவாளி என்றது. 2001இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் குற்றவாளி என்றது. கற்றுத் தேர்ந்த நீதிபதிகளே ஒரே சான்றுகளை வெவ்வேறாக எடை போடுகின்றனர் எனில், மாலை ஐந்து மணிக்குக் கூடி ஆறு மணிக்குக் கலையும் ஒரு கல்லூரிக் குழுவின் முடிவு பிழைபடாது என்று எவ்வாறு கூறுவது?

முடிவு எடுத்தவர் தம் முடிவைக் காக்கவே முயல்வர். இது தீமையன்று, மனித இயல்பு. 1976இல் யாரேனும் நம்மிடம் வந்து "மீண்டும் பாருங்கள்" என்று கூறியிருந்தால், சீட்டைப் பார்க்குமுன் நம் மூன்று வரியைக் காக்கவே நாமும் முனைந்திருப்போம். ஆதலின் மறுமுறை பார்ப்பவர் வேறொருவராக இருத்தல் வேண்டும். ஒரு பொருளுக்குப் பல பக்கங்கள் உண்டு, ஒருவர் காண்பது ஒரு பக்கமே என்னும் அநேகாந்தக் கொள்கையை நாம் மேடைகளிற் பேசுகின்றோம். மேல்முறையீடு என்பது அக்கொள்கை அலுவலகத்திற்கு வந்து அமர்ந்த வடிவம் என்றே நமக்குத் தோன்றுகின்றது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளும் இத்திசையிலேயே வளர்ந்துள்ளன. 2009ஆம் ஆண்டு ராகிங் விதிகளின்படி, இணைவுபெற்ற கல்லூரியில் தண்டிக்கப்பட்டவர் துணைவேந்தரிடமும், பல்கலைக்கழகத்திலேயே தண்டிக்கப்பட்டவர் வேந்தரிடமும் மேல்முறையீடு செய்யலாம். பாலியல் துன்புறுத்தல் பற்றி 2016இல் வெளியான விதிகள் விசாரணையைத் தொண்ணூறு நாளில் முடிக்கவும், முடிவுக்கு எதிராக முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யவும் வழி வகுக்கின்றன. முறையீட்டை மெய்ப்பிக்க இயலாமை மட்டுமே அதனைப் பொய்யாக்கிவிடாது என்றும் அவை கூறுகின்றன. இது நுட்பமான வேறுபாடு. மெய்ப்பிக்க இயலாத துன்பமும் துன்பமே.

ஆய்வேடுகளில் பிறர் எழுத்தைத் திருடுதல் குறித்த 2018ஆம் ஆண்டு விதிகள் குற்றத்தைப் படிப்படியாகப் பிரிக்கின்றன. பத்து சதவிகிதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை; நாற்பது வரை திருத்தி மீண்டும் அளிக்க வேண்டும்; அறுபது வரை ஓராண்டு தடை; அதற்கு மேல் பதிவே நீங்கும். துறைக் குழு ஒன்றும் நிறுவனக் குழு ஒன்றும் பார்க்கின்றன. இப்போது கணினியே கட்டுரை எழுதித் தரும் காலம். எழுதியது மாணவனா, இயந்திரமா என்பதையும் மற்றோர் இயந்திரமே கணித்துக் கூறுகின்றது. அக்கணிப்பு ஐயத்திற்கு இடம் தரலாம், தீர்ப்பாகிவிடாது. நாம் சீட்டைக் கண்டது போன்றதே அது. கண்டபின் கேட்க வேண்டும்.

2023ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு அமைதல் வேண்டும். அது பதினைந்து வேலை நாளில் அறிக்கை தருதல் வேண்டும். மனநிறைவு பெறாத மாணவர் பதினைந்து நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அப்பொறுப்பில் ஓய்வுபெற்ற துணைவேந்தரோ, பேராசிரியரோ, மாவட்ட நீதிபதியோ அமர்வர். முப்பது நாளில் தீர்க்க முயலுதல் வேண்டும். பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் நம் குடும்பங்களில் எத்தனை பேர் இதனை அறிவோம்? கட்டணம் செலுத்தும் கடைசி நாளை அறிவோம். முறையீடு செய்யும் கடைசி நாளை அறியோம்.

நம் பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். முதலாம் பராந்தகன் காலத்து கி.பி. 921ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி, வாரியத்தில் அமர்வோர் முப்பத்தைந்து வயதுக்கு மேலும் எழுபதுக்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். சென்ற மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் அமரலாகாது. நாம் அவ்வெழுபதைக் கடந்துவிட்டோம், பெண்ணாகவும் பிறந்தோம், அவ்வாரியத்தில் நமக்கு இடமில்லை! ஆயினும் ஒருவரே நெடுங்காலம் அதிகாரத்தில் அமர்ந்தால் பார்வை மங்கும் என்பதை ஆயிரத்து நூறாண்டுகளுக்கு முன்னரே உணர்ந்திருந்தனர் என்பது வியப்பு. அதே கல்வெட்டு, கணக்குக் காட்டாதவனை மட்டுமன்றி அவன் உறவினரையும் விலக்கிற்று. அதனை இன்று நம் மனம் ஏற்பதில்லை. பழமையிற் கொள்ளத் தக்கதும் உண்டு, தள்ளத் தக்கதும் உண்டு.

ஒப்புதலும் மீட்சியும்

இனி அந்த மன்னிப்புக் கடிதத்திற்கு வருவோம். "ஒப்புக்கொள்வது நம் சமயம் போற்றும் செயல்தானே? ஆலோசனை என்பது அதுதானே?" என்று அத்தாயார் நம்மிடம் கேட்டார். நல்ல கேள்வி.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் பிராயச்சித்தத்தை ஒன்பதாகக் கூறுகின்றது. முதலாவது ஆலோசனை, அதாவது செய்த பிழையைக் குருவிடம் தானே எடுத்துரைத்தல். அதன் உயிர்நாடி 'தானே' என்னும் சொல்லிலும், 'செய்த' என்னும் சொல்லிலும் உள்ளது. பிறர் எழுதிய தாளில் அஞ்சிக் கையெழுத்திடுவது தானே உரைத்தல் ஆகாது. செய்யாததைச் செய்தேன் என்பது ஆலோசனையாகாது, பொய்யே ஆகும். பூஜ்யபாத ஆசாரியர் உரையில் ஆலோசனைக்குரிய பத்துக் குற்றங்கள் கூறப்படுகின்றன. குருவுக்குப் பொருளளித்துத் தண்டனையைக் குறைக்க எண்ணுதல் அவற்றுள் ஒன்று. பிறர் கண்டதை மட்டும் கூறிக் காணாததை மறைத்தல் மற்றொன்று. செல்வாக்கைத் தேடிய தந்தையாரிடம் முன்னதை எடுத்துக் கூறினோம். மகனிடம் பின்னதைக் கூறினோம்.

அப்பட்டியலின் இறுதியை நம் கல்வி நிலையங்கள் கருத்திற் கொள்ளுதல் நன்று. சேதம் என்பது துறவியின் மூப்பைக் குறைத்தல். பரிகாரம் என்பது சிறிது காலம் சங்கத்தினின்று விலக்கி வைத்தல். அதற்கும் பின்னர் வருவது உபஸ்தாபனை, மீண்டும் விரதத்தில் நிலைநிறுத்தல். விலக்கலோடு பட்டியல் முடியவில்லை. திரும்ப ஏற்றலோடு முடிகின்றது. தண்டனைக்கு ஓர் எல்லையும், எல்லைக்கு அப்பால் ஒரு வாயிலும் இருந்தன. நாம் தண்டித்த சிறுமிக்கு அவ்வாயில் எங்கே இருந்தது என்று எவரும் காட்டவில்லை. தடை நீங்கிய பின்னர் தேர்வெழுதலாம் என்பதைக்கூட அவள் வீட்டிற்கு எடுத்துச் சொன்னவர் இல்லை.

இரக்கம் வேறு, தளர்ச்சி வேறு. பார்த்தெழுதியவனை விட்டுவிட்டால், இரவெல்லாம் விழித்துப் படித்தவனுக்குத் தீங்கு செய்தவர்களாவோம். துன்புறுத்தியவனை விட்டுவிட்டால் துன்புற்றவளை இரண்டாம் முறை துன்புறுத்தியவர்களாவோம். தண்டனை வேண்டும், அது செய்த குற்றத்தின் அளவினதாக, கேட்டறிந்த பின்னர் வருவதாக, காரணம் எழுதப்பட்டதாக இருத்தல் வேண்டும்.

பெற்றோர் கவனத்திற்கு

பிள்ளை மீது குற்றச்சாட்டு வந்தால் முதலில் பிள்ளையைக் கேளுங்கள். அடிக்கவும் வேண்டா, அணைத்து மறைக்கவும் வேண்டா. குற்றச்சாட்டையும் சான்றையும் எழுத்தில் தருமாறு நிறுவனத்திடம் பணிவோடு வேண்டுங்கள். செய்ததை ஒப்புக்கொண்டு, செய்யாததை மறுத்து, பிள்ளையே தன் கையால் விளக்கம் எழுதட்டும். முடிவைக் காரணத்தோடு எழுத்தில் பெறுங்கள். முறையீட்டுத் தவணையைத் தவறவிடாதீர்கள். செல்வாக்கைத் தேடாதீர்கள், அது மெய்யான மறுமொழியையும் பொய்யாகத் தோன்றச் செய்யும்.

உங்கள் பெண் துன்புற்று வந்து முறையிட்டால், "நம் குடும்பப் பெயர் என்னாகும்?" என்பது முதற் கேள்வியாக வேண்டா. அவள் சொல்வதை முழுதும் கேளுங்கள்; நாளும் நேரமும் குறித்து வையுங்கள்; முறையீட்டுக்கு விதிகள் பொதுவாக மூன்று திங்கள் அளிக்கின்றன. மற்றவர் வீட்டுப் பிள்ளை குற்றம் சாட்டப்பட்டான் என்று கேள்வியுற்றால், கோயிலிலும் திருமண வீட்டிலும் அச்செய்தியைத் தீர்ப்பாக்கிப் பரப்பாதீர்கள். கல்லூரியின் தண்டனைக்கு முறையீடு உண்டு. ஊர்வாயின் தண்டனைக்கு முறையீடு இல்லை.

அம்மாணவன் அன்றிரவு நம் வீட்டுக் கூடத்திலமர்ந்து ஒரு பக்கம் எழுதினான். கைப்பேசியைக் கொண்டு சென்றது விதிமீறல் என்பதை ஒப்புக்கொண்டான், பார்த்தெழுதவில்லை என்றான், கைப்பேசியையும் விடைத்தாளையும் ஆராய்ந்து கொள்ளுமாறு வேண்டினான். ஒரு வகையில் குற்றமுடையவன், ஒரு வகையில் இல்லாதவன் என்று இரண்டையும் ஒருங்கே கூறும் துணிவு அவனுக்கு இருந்தது. அக்கடிதம் பல்கலைக்கழகக் குழுவிற்குச் சென்றது. அவர்கள் அழைத்துக் கேட்டனர். பார்த்தெழுதியதற்குச் சான்றில்லை என்றனர். கைப்பேசி கொண்டு சென்றமைக்காக அந்த ஒரு தாளை நீக்கினர். அது கடுமை என்று தந்தை மேல்முறையீட்டை எண்ணினார். "கொண்டு போனது நான்தானே அப்பா, எழுதிக்கொள்கிறேன்" என்று மகன் தடுத்துவிட்டான். அடுத்த பருவத்தில் எழுதித் தேறினான்.

அவனைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சன்னலோரச் சிறுமி நம் நினைவில் வருகின்றாள். இன்று அவளுக்கு அறுபத்தைந்தை ஒட்டிய அகவை இருக்கும். ஆண்டுதோறும் தசலக்ஷண பருவத்தில் உத்தம க்ஷமை நாளன்று எல்லா உயிரிடத்தும் மன்னிப்பு வேண்டும்போது, பெயர் மறவாமல் அவளிடமும் வேண்டுகின்றோம். அவளோ அதனை அறியாள். கேட்க வேண்டிய நாளில் கேட்டிருந்தால், இத்தனை ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆசிரியப் பணியிலும் கல்லூரிப் பணியிலும் இருக்கும் நம் சமூகத்து இளையோர், அறிக்கை எழுதப் பேனாவைத் திறக்குமுன், எதிரே நிற்கும் பிள்ளையை ஒருமுறை பேச விடுவார்களாக.

அறம் வளர்க!